நீவி நிமிராத முதுகு

குழந்தை உட்காரப் பழகும் மாதங்களில் சில வீடுகளில் ஒன்று கண்ணில் படும். முதுகின் நடுவுக்குச் சற்றுக் கீழே, குளிப்பாட்டும் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு புடைப்பு. படுக்கவைத்தால் அவ்வளவாகத் தெரியாது. உட்காரவைத்தால் நன்றாகத் தெரியும். ஆயா தடவிப் பார்த்துவிட்டு, "தூக்கினதுல பிசகியிருக்கும், நீவிவிட்டா நிமிர்ந்துடும்" என்பார். பக்கத்து வீட்டில் சத்துக் குறைவு என்பார்கள். ஜோசியர் ஒரு தோஷத்தைச் சொல்வார். இப்படியே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். அதற்குள் பிள்ளையின் விரல்கள் முழுக்க நீளாமல் போயிருக்கும். கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும்.

காஞ்சிபுரத்தில் இந்த அலைச்சலுக்கு ஒரு வழித்தடமே உண்டு. முதலில் தெருவில் சுளுக்கு எடுப்பவர். பிறகு ஆந்திர எல்லை தாண்டிப் புத்தூர் கட்டு. நடுவில் ஜுரஹரேஸ்வரர் கோயிலில் ஓர் அர்ச்சனை. கார்த்திகைக் கடை ஞாயிற்றில் கச்சபேஸ்வரர் கோயிலில் தலையில் மாவிளக்கு. பிள்ளைக்காக வேண்டிக்கொள்வதை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வேண்டுதலோடு சேர்த்து ஒரு எக்ஸ்ரேயும் ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்யப்படாமல் போவதுதான் என் வருத்தம். ஏனென்றால் இந்த நோய்களில் எலும்பு ஒருமுறை கோணலாக வளர்ந்துவிட்டால், எந்த மருந்தும் அதைப் பழையபடி ஆக்குவதில்லை.

நோய் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்ற நுண்ணிய பை இருக்கிறது. பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் இதை அடையாளம் கண்டார். 1974இல் நோபல் பரிசு பெற்றார். உடம்பு தேய்த்துப் பழையதாக்கிய பொருள்களை என்சைம்களைக் கொண்டு உடைப்பது இந்தப் பையின் வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி என்சைம் உண்டு. அவற்றில் ஒன்று பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால், அது உடைக்க வேண்டிய பொருள் உடையாமல் செல்லிலேயே தேங்கும். இப்படி 50க்கும் மேற்பட்ட தேக்கநோய்கள் இருக்கின்றன. எலும்பையும் மூட்டையும் அதிகம் தாக்குவது எம்.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்படும் மியூக்கோபாலிசாக்கரைடோசிஸ் வகை. இதில் தேங்குபவை நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். குருத்தெலும்பிலும் மூட்டுச் சவ்விலும் கண்ணின் கருவிழிப் படலத்திலும் இந்தச் சங்கிலிகள் இருக்கின்றன. அதனால்தான் எலும்பு வளரும் நுனிகளிலேயே கோளாறு தொடங்குகிறது.

1917இல் கனடாவின் வின்னிபெக் நகரத்து மருத்துவர் சார்லஸ் ஹன்டர், எம்.பி.எஸ். தாக்கிய 10 வயதும் 8 வயதுமான அண்ணன் தம்பி இருவரைப் பற்றி எழுதினார். 1919இல் மியூனிக்கில் கெர்ட்ரூட் ஹர்லர் என்ற பெண் மருத்துவர் எம்.பி.எஸ்.ஸின் கடுமையான வகை ஒன்றை விவரித்தார். 1929இல் உருகுவே நாட்டின் லூயிஸ் மார்க்கியோ, ஒரே குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு வந்த எலும்புக் கோளாற்றைப் பதிவு செய்தார். நூறு ஆண்டளவாக மருத்துவம் அறிந்த நோய்கள் இவை. தெருவுக்கு வந்துசேரத்தான் தாமதம்.

"சத்துக் குறைவுதான். கால்சியம் குடுத்து வெயில்ல நிக்க வை"

இதுதான் அதிகம் கேட்கிற பேச்சு. இதில் பாதி நியாயமும் இருக்கிறது. வைட்டமின் டி குறைவால் கால் வளையும் ரிக்கெட்ஸ் நம் ஊரில் அரிதல்ல. ஆனால் ரிக்கெட்ஸை உறுதிசெய்யவும் ஒதுக்கவும் எளிய வழிகள் இருக்கின்றன. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் நுனி குழிந்து, ஓரம் நார்நாராகத் தெரியும். இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடியிருக்கும். சாதாரண ரிக்கெட்ஸ் என்றால், வைட்டமின் டி கொடுத்த சில வாரங்களில் எக்ஸ்ரேயில் ஆறும் அடையாளம் தெரியத் தொடங்கும்.

எம்.பி.எஸ். பிள்ளையின் எக்ஸ்ரே வேறு கதை சொல்லும். விலா எலும்புகள் துடுப்பு வடிவில் அகன்றிருக்கும். முதுகெலும்புக் கட்டையின் முன்பக்கம் கொக்கிபோல் நீட்டியிருக்கும். விரல் எலும்புகள் குட்டையாகி ஒரு முனை கூம்பியிருக்கும். இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கும். இந்தத் தோற்றங்களைச் சேர்த்துப் பார்க்கிற கண் இருந்தால், ஒரு படமே பாதி வழியைக் காட்டிவிடும்.

இந்தப் பிள்ளைக்குக் கால்சியம் டானிக் வீண் செலவு, அவ்வளவுதான். வைட்டமின் டி ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதோ ஆபத்து. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி வரும், சிறுநீரகம் கெடும். ஒரு சுற்று வைத்தியம் முடிந்தும் எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லையென்றால், இன்னொரு ஊசி கேட்காதீர்கள். "டாக்டர், இது வேற ஏதாவதா இருக்குமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

"பிறந்தப்போ கொழுகொழுன்னுதானே இருந்தான்"

பிறக்கும்போது இல்லாதது பின்னால் வந்தால் அது எப்படிப் பரம்பரை நோயாகும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். குறை கருவிலேயே இருக்கிறது. தேக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர மாதங்களும் வருடங்களும் ஆகின்றன. ஹர்லர் வகைக் குழந்தைகள் பலர் நல்ல எடையோடு பிறந்து, முதல் வருடம் நன்றாகவே வளர்கிறார்கள். பிறகுதான் உயரம் நின்றுபோகிறது.

ஆனால் எலும்புக்கு முன்பே சில சின்ன அடையாளங்கள் வந்துவிடும். தொப்புளிலோ அடிவயிற்றிலோ குடலிறக்கம். ஓயாத காதுச் சீழ். தூங்கும்போது குறட்டை. வயிறு உப்பல். கண்மணி மேல் புகைபோல ஒரு மங்கல். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டரிடம் போகிறோம். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை. பிள்ளையின் எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு, ஒரே குழந்தை மருத்துவரிடம் விரித்துக் காட்டுங்கள்.

"சின்ன வயசு மூட்டுவாதம்"

விரல் மடங்கிப்போன பிள்ளைக்கு மூட்டுவாதம் என்று பெயர் வைப்பது எளிது. சில பிள்ளைகள் அதற்கான வலுவான மருந்துகளை மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். வித்தியாசம் இதுதான்: மூட்டுவாதத்தில் மூட்டு வீங்கும், சூடாக இருக்கும், காலையில் விறைப்பு அதிகம், பெரும்பாலும் இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். ஏறும். எம்.பி.எஸ்.ஸில் வீக்கமும் சூடும் இல்லாமலே மூட்டு இறுகும். ஈ.எஸ்.ஆர். சாதாரணமாக இருக்கும். வீக்கமில்லாத இறுக்கத்தைக் கண்டால் தேக்கநோயை நினைக்க வேண்டும். மார்க்கியோ வகை மட்டும் இதற்கு நேர்மாறு: அதில் மணிக்கட்டு துணிபோலத் துவளும்.

இன்னொன்றும் இங்கே மறைந்திருக்கிறது. தறியில் வருடக்கணக்கில் உழைத்தவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போவதை நம் ஊர் அறியும். அதே நசுங்கல் எம்.பி.எஸ். பிள்ளைகளுக்கு நாலைந்து வயதிலேயே வரலாம். பெரியவர்கள் வலி என்று சொல்வார்கள். இந்தப் பிள்ளைகள் சொல்வதில்லை. பொத்தான் போடத் திணறுவார்கள், பென்சில் கைநழுவும். சோம்பேறி என்று திட்டு வாங்குவார்கள். நரம்பு மின்னோட்டப் பரிசோதனை செய்து, காலத்தில் அறுவை செய்தால் அந்தக் கையின் வேலையைக் காப்பாற்றலாம்.

தேக்கநோய்களிலேயே கௌச்சர் நோய் வேறு ரகம். இதில் கொழுப்புப் பொருள் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்குகிறது. பிள்ளை வெளிறி, வயிறு பெருத்து இருக்கும். திடீரென்று ஒரு தொடையில் தாங்க முடியாத வலியும் காய்ச்சலும் வரும். பார்ப்பதற்கு எலும்பில் சீழ் பிடித்ததுபோலவே இருக்கும். மஜ்ஜைக்கு இரத்தம் போகாததால் வரும் வலி அது. கிருமி இல்லாத அந்த எலும்பைச் சீழ் என்று நினைத்துத் திறந்தால், இல்லாத கிருமியை உள்ளே விடுவதாகிவிடும். வயிற்றைத் தொட்டு மண்ணீரலைப் பார்த்துவிட்டு எலும்பைப் பற்றி முடிவெடுப்பதே முறை.

"தறிக் குழியில உக்கார வெச்சதால வந்த கூன்"

பிள்ளையார்பாளையத்தில் வயதானவர்கள் இப்படிச் சொல்லக் கேட்கலாம். அவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோர்வைச் சேலைக்கு எதிர்ப்பக்கம் நாடா தள்ள, ஒருகாலத்தில் சிறுபிள்ளைகளைத்தான் உட்காரவைத்தார்கள். அந்த உழைப்பு உடம்பைக் கெடுத்தது உண்மை. அது ஒழிய வேண்டியதும்தான். ஆனால் எம்.பி.எஸ். கூன், குழந்தை உட்காரும் முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுகிறது. தறியைத் தொடாத பிள்ளைக்கும் வருகிறது. காரணத்தைத் தறியின்மேல் போட்டுவிட்டால், அடுத்த பிள்ளைக்கும் வரலாம் என்ற எண்ணமே எழாது.

"நீவினா நிமிரும், கட்டுப் போட்டா சேரும்"

இந்த இடத்தில் நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. உடைந்த கைக்குக் கட்டுப் போடுகிற வைத்தியம் ஒன்று; தேக்கநோய்ப் பிள்ளையின் கழுத்தைத் திருகுவது முற்றிலும் வேறொன்று. மார்க்கியோ வகையில் கழுத்தின் இரண்டாவது எலும்பில் இருக்க வேண்டிய முளை சரியாக வளர்ந்திருக்காது. தலையைத் தாங்கும் முதலிரண்டு எலும்புகளும் பிடிப்பில்லாமல் அசையும். ஒரு திருகல், ஒரு சொடுக்கல், ஒரு குட்டிக்கரணம் போதும்: தண்டுவடம் நசுங்கிக் கைகால் விழுந்துவிடலாம், மூச்சு நிற்கலாம். பிள்ளையின் நடை மெல்ல மெல்லக் குறைந்தாலே கழுத்தைப் பார்க்க வேண்டும். நிறைய பேர் முட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே சுளுக்கு எடுப்பதும், கழுத்தை நெட்டி முறிப்பதும், குளிப்பாட்டும்போது தலையைப் பிடித்துத் திருப்புவதும் கூடாது. இதமான எண்ணெய்த் தேய்ப்பில் தவறில்லை. இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சி நல்லது; அவருக்கும் கழுத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட வேண்டும். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரிடம் எழுதியே கொடுங்கள்: குட்டிக்கரணம் வேண்டாம், தலைகீழாக நிற்க வேண்டாம், கபடி வேண்டாம்.

மயக்க மருந்தும் இதே பட்டியலில் வரும். தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் தேக்கம் இருப்பதால் குழாய் செருகுவது கடினம், கழுத்தும் பிடிப்பில்லாதது. குடலிறக்கத்துக்கானாலும் பல்லுக்கானாலும், மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் பிள்ளையைத் தரக் கூடாது. இந்த நோயைக் கையாண்ட பெரிய மருத்துவமனையில் செய்வதே சரி.

"சர்க்கரைதானே தேங்குது? இனிப்பை நிறுத்திடு"

தேங்குவது பிள்ளை தின்ற சர்க்கரை இல்லை. உடம்பே குருத்தெலும்புக்காகச் செய்துகொண்ட சங்கிலி அது. கோயில் பொங்கலை மறுத்துப் பிள்ளையை ஏங்கவைப்பதால் ஒன்றும் குறையாது.

"எங்க வம்சத்துலயே இது கிடையாது"

பெரும்பாலான தேக்கநோய்களில் அப்பா அம்மா இருவரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் பழுதான மரபணுப் பிரதி ஒன்று இருக்கும். நல்ல பிரதி ஒன்று இருப்பதால் அது வெளியே தெரியாது. இரண்டு பழுதும் ஒரே பிள்ளைக்குச் சேரும்போதுதான் நோய் வருகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் மூன்று பிள்ளைகள் நன்றாகப் பிறந்தாலும் நான்காவதற்கும் அதே நான்கில் ஒன்றுதான். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பிவிடும் என்பதும் இல்லை. ஏழு தலைமுறையாக யாருக்கும் இல்லாமல் எட்டாவதில் வருவது இப்படித்தான்.

சொந்தத்தில் கட்டுவது இந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கலாம் என்பதே காரணம். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. நாடு முழுவதற்கும் அது 11 சதவீதம். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தைவிட, அக்கா மகளைத் தாய்மாமன் கட்டும்போது இரத்தப் பங்கு இரண்டு மடங்கு. அதே சமயம் சொந்தத்தில் கட்டினால் ஊனம் நிச்சயம் என்று மிரட்டுவதும் பொய். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைக்கு இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். உறவில்லாத தம்பதிக்கும் இந்த நோய் வருகிறது. சின்னச் சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், நேரடி உறவு இல்லாமலே ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க முடியும்.

இதில் அதிகம் அடிபடுவது மருமகள்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், அவள் வந்த ராசி என்று அடுக்குகிறார்கள். கிரகணத்துக்கும் என்சைமுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பழுது சரிபாதி அப்பாவிடமிருந்தும் வந்தது. எம்.பி.எஸ். நோய்களில் ஹன்டர் வகை ஒன்றுதான் தாய் வழியாக மட்டும் வந்து, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்குகிறது. அதிலும் சில பிள்ளைகளுக்குப் பழுது புதிதாக, தாயிடம் இல்லாமலே உண்டாகிறது. தாய்க்குத் தெரியாமல் தாய் சுமந்த ஒன்றுக்கு அவளைக் குற்றவாளி ஆக்கும் குடும்பம், பிள்ளைக்கு வேண்டிய ஒரே ஆதரவையும் உடைக்கிறது. ஹன்டர் வகை என்று தெரிந்தால் அந்தத் தாயின் அக்கா தங்கைகளும் மரபியல் ஆலோசனைக்குப் போக வேண்டும். மறைத்துவைத்தால் இழப்பு அவர்கள் பிள்ளைகளுக்குத்தான்.

"மருந்தே இல்லை" என்பதும், "மருந்து வந்துடுச்சு, எலும்பு நிமிர்ந்துடும்" என்பதும்

இரண்டும் தவறு, இரண்டாவதை ஆசையோடு நம்புகிறவர்கள் பிறகு மனம் உடைகிறார்கள். இல்லாத என்சைமை நரம்பு வழியாக ஏற்றும் சிகிச்சை கௌச்சர் நோய்க்கு 1991இல் வந்தது. எம்.பி.எஸ். முதல் வகைக்கு (ஹர்லர் இதன் கடுமையான வடிவம்) 2003, ஆறாம் வகைக்கு 2005, ஹன்டர் வகைக்கு 2006, மார்க்கியோவுக்கு 2014. கல்லீரல், மண்ணீரல் சுருங்கும். மூச்சும் நடையும் மேம்படும். கௌச்சரில் எலும்பு வலியும் குறையும். ஆனால் இரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்புக்குள் மருந்து போதுமான அளவு நுழைவதில்லை. அதனால் எம்.பி.எஸ். பிள்ளைக்கு மருந்தோடு எலும்பு மருத்துவரும் கடைசிவரை வேண்டும்: முட்டிக் கோணலுக்கு வளர்நுனியில் தகடு, இடுப்புக்கு அறுவை, கழுத்துக்கு இணைப்பு. ஆறாம் வகையில் பிறந்த சில வாரங்களிலேயே மருந்து தொடங்கிய குழந்தைக்கு, மூன்றரை வயதுக்குமேல் தொடங்கிய உடன்பிறப்பைவிட மூட்டுகள் நன்றாக இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எலும்பு மாற்றம் அந்தக் குழந்தைக்கும் வந்தது.

ஹர்லர் வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று உண்டு. இரண்டு, இரண்டரை வயதுக்குள் செய்தால் மூளை பெரிதும் காக்கப்படும். நீவியும் டானிக் கொடுத்தும் போன வருடங்கள் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கின்றன. நமக்குப் பக்கத்து ஊரான வேலூரின் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது.

பணம்? மருந்து எடைக்கு ஏற்றபடி. பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். எம்.பி.எஸ். பிள்ளைக்கு வாரத்துக்கு ஒருநாள் மருத்துவமனை, அன்று அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தறி நிற்கும். 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2022இல் அதன்கீழ் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை என்று உதவி உயர்த்தப்பட்டது. சிறப்பு மையங்கள் வழியாகத்தான் இது கிடைக்கும். அவற்றுள் ஒன்று எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போகும் ரயில் எழும்பூரில் நிற்கும். வாழ்நாள் முழுக்க வேண்டிய மருந்துக்கு 50 லட்சம் போதாது. அரசு இதைத் தொடர் உதவியாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. மார்க்கியோவுக்கும் ஆறாம் வகைக்கும் சிக்கல்கள் முற்றுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டால்தான் உதவி என்று அந்தக் கொள்கையே சொல்கிறது. தாமதத்துக்கு இங்கே இன்னொரு விலையும் உண்டு.

"உடம்பே வளராத பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு?"

மார்க்கியோ, ஆறாம் வகைப் பிள்ளைகளுக்கு அறிவில் எந்தக் குறையும் இல்லை. பத்து வயதில் மூன்று வயது உயரம் இருக்கலாம். கணக்கு பத்து வயதுக்கு உரியதாகவே இருக்கும். ஹர்லர், கடுமையான ஹன்டர் வகைகளில்தான் மூளையும் பாதிக்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குள்ளத்தன்மையையும் நடமாட்டக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டை வாங்குங்கள். வகுப்பு மாடியில் இருந்தால் கீழே மாற்றித் தரும்படி கேளுங்கள். அது சலுகை இல்லை, உரிமை. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் மருத்துவக் குழு வரும்போது, இந்தப் பிள்ளையைப் பின்வரிசையில் ஒளித்துவைக்காமல் முதலில் காட்டுங்கள்.

பரிசோதனை ஒன்றும் பெரிய காரியம் இல்லை. சிறுநீரில் அந்தச் சங்கிலிகளை அளப்பது முதல் படி. மார்க்கியோ வகையில் அது சாதாரணமாக வந்து ஏமாற்றலாம் என்பதால், அதோடு நிறுத்திவிடக் கூடாது. இரத்தத்தில் என்சைமை அளப்பதுதான் உறுதி. சல்லடைத்தாளில் காயவைத்த சில சொட்டு இரத்தத்தைத் தபாலில் அனுப்பியே முதல்கட்ட என்சைம் சோதனை செய்ய முடியும். பிறகு மரபணுப் பரிசோதனை.

அந்த மரபணு அறிக்கையை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக் காப்பாற்றுங்கள். அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க, முதல் பிள்ளையின் பழுது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கர்ப்பமாகி வந்தால் அந்த வாரங்கள் போதாமல் போய்விடும். ஆகவே அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, கணவனும் மனைவியும் சேர்ந்து மரபியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.